ரேமுக்கு வைத்த பொட்டு

இன்று மத்தியானம் நம் கடை எடிட்டிங் மெஷின் மறுபடியும் மக்கர் பண்ணியது. புது ரேம் ஒன்று, புது டிஸ்க் ஒன்று வாங்கிப் போட்டிருந்தேன். சுவிட்சைத் தட்டினால் விசிறி சுற்றுகிறது, லோகோ வருகிறது, வெள்ளைப் புள்ளிகள் வட்டமாக ஓடுகின்றன, பிறகு நீலத்திரை. உடனே அணைந்து, திரும்பவும் முதலிலிருந்து. வெளியே நல்ல மழை. ஹைவேயில் பஸ்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற சத்தமும் அந்தச் சின்ன விசிறியின் சத்தமும் ஒன்றாய்க் கலந்து என்னை எங்கேயோ இழுத்துக்கொண்டு போயின. "தூங்கிகினு இன்னா பண்ற மாமே, கேபினெட்ட தொற" என்று நீ சொன்னாய். சத்தியமாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் உன் நாற்காலியில் என் ஈரக் குடை.

நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறிப் போனவன் நீ, திரும்பி வரவில்லை. பத்து மாதம் ஆகிறது. இன்னும் அந்த நாற்காலியில் நான் யாரையும் உட்காரவிடவில்லை.

கேபினெட்டைத் திறந்து பழைய ரேமை உருவினேன். அதன் ஸ்டிக்கர் மடிப்பில் மங்கலாகக் குங்குமம். ஒன்பது வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. பழக்கம். அந்தப் பொட்டுக் கதைக்கு எப்போதும் நான் சிரிப்பேன். இன்று சாயங்காலத்தோடு அது நின்றுவிட்டது. உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நான் ஒரு தடவை ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

நசரத்பேட்டையில் இந்த ஒற்றை அறையைப் பிடித்து நாம் கல்யாண வீடியோ எடிட்டிங் ஆரம்பித்தபோதே வேலையைப் பிரித்துக்கொண்டோம். படத்தை வெட்டி ஒட்டுவது நான். மெஷினுக்கு வைத்தியம் பார்ப்பது நீ. ஸ்க்ரூவைக் கழற்றும்போது உன் முகத்தில் ஒரு சாந்தம் வரும், பார்க்கிறவனுக்கே கண் சொக்கும். "ஒண்ண கழட்டு, ஆன் பண்ணு, பாரு. ரெண்ட ஒண்ணா கழட்டிட்டீனா எவன் திருடன்னு எப்டிடா தெரியும்?" என்பாய். எனக்குப் பொறுமை கிடையாது. அரைமணி நேரம் நீ ஒரே கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் மெஷினைப் பெரிதாக்க நீயே பார்த்துப் பார்த்து ரேம், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் வாங்கி வந்தாய். ஆயுத பூஜை நெருங்குகிற சமயம். திருமழிசையில் என் பெரியப்பா தவறிப்போனார். நான் அங்கிருந்து போனில் சொன்னேன்: "எங்களுக்குத் தீட்டு மாமே. இந்த வருஷம் கடையில பூஜை இல்ல." நீ "சரி, நான் பாத்துக்கறேன்" என்றாய். கடையைத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

காரியம் முடிந்து வந்து பார்த்தால் மெஷின் இன்றைக்கு மாதிரியேதான். லோகோ, புள்ளிகள், நீலத்திரை. வேலப்பன்சாவடியில் நாம் எடுத்த ஒரு கல்யாணத்தை அந்த வாரம் கொடுக்க வேண்டும். பெண்ணின் அண்ணன் தினமும் வந்து வாசலில் நின்றான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்த அரை இருட்டில் மூன்று நாள் கிடந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நீலத்திரை வரும்போதெல்லாம் உன் கன்னம் நீலமாகும், அணையும்போது நீயும் அணைந்துபோவாய். விண்டோஸைத் திரும்பப் போட்டோம். கார்டைக் கழற்றிப் பார்த்தோம். பவர் சப்ளையைக்கூட மாற்றினோம். "ரேம பாக்கலாம் மாமே" என்றாய் இரண்டு தடவை. "புது பாக்கெட்டுப் பிரிச்சது, அதுல இன்னா கீது? நீ வாங்கியாந்த கார்டுதான் குப்பை" என்று கத்தினேன். நீ கார்டை மறுபடியும் கழற்றினாய்.

மூன்றாம் நாள் நான் டீ குடிக்கப் போய்த் திரும்பியபோது நீ ரேமை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாய். சாமிக்கு உடைத்த தேங்காய் அழுகியிருந்தால் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றாய். வாங்கிப் பார்த்தேன். ஸ்லாட்டுக்குள் உட்கார்ந்து மின்சாரம் வாங்கும் அந்தத் தங்க நிறக் கால்கள்மேல் சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அதன்மேல் குங்குமம்.

"உனக்குத் தீட்டுன்னியே" என்றாய். "புதுசா வந்த சாமானு, பொட்டுகூட இல்லாம கெடக்குதேன்னு மனசு கேக்கல. பேப்பர் விரிச்சி எல்லாத்தையும் வெச்சி சந்தனம் வெச்சேன். கொஞ்சம் தண்ணியா கரைச்சிட்டேன் போலக்கீது. வழிஞ்சிருக்குது. தொடச்சிட்டுதான் மாட்னேன் மாமே."

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நீ, கடைத்தெருவில் போய்ச் சந்தனமும் பொரியும் வாங்கி, எனக்குப் பதிலாக விளக்கேற்றியிருக்கிறாய். எந்த விரலால் பொட்டு வைப்பது என்று யாரிடம் கேட்டாயோ. அதை நான் அந்த நிமிஷம் பார்த்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பெண்ணின் அண்ணன் நின்று கேட்கிறான் என்ற குஷியில், மூன்று நாள் எரிச்சலையும் சேர்த்து, "வேதக்காரனுக்கு ஆயுத பூஜை எதுக்கு மாமே? உங்க மாதா கோயில்ல ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்திருந்தா மெஷினு ஓடியிருக்குமே" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும். நீயும் சிரித்தாய். பிறகு பென்சில் ரப்பரை எடுத்து அந்தக் கால்களை மெல்ல மெல்லத் தேய்த்துச் சுத்தம் செய்து என் கையில் கொடுத்தாய். "நீயே மாட்டு" என்றாய். மாட்டினேன், ஓடியது. கல்யாண வீடியோவும் போய்ச் சேர்ந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடிந்துதான் போனது, ஆனால் வேறு மாதிரி. அதற்குப் பிறகு நீ கேபினெட்டைத் திறந்ததே இல்லை. பக்கத்தில் நின்று சொல்வாய், நான் கழற்றுவேன். "எனக்குக் கண்ணு சரியா தெரியல மாமே" என்றாய், நம்பினேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் "சர்ச்சுல வேலை கீது" என்று லீவு போட்டாய், அதையும் நம்பினேன். வருகிற கஸ்டமருக்கெல்லாம் ரேமுக்குப் பொட்டு வைத்த கதையை உன் எதிரிலேயே சொன்னேன். நீ ஒவ்வொரு தடவையும் சிரித்துக் கொடுத்தாய். எட்டு வருஷம்! என்ன மனுஷன்டா நான்.

இன்று மழை விட்டதும் உன் வீட்டுக்காரி ஜெசிந்தா வந்தாள், உன் கண்ணாடியும் ஸ்வெட்டரும் எடுத்துப்போக. மேஜையில் கிடந்த ரேமைப் பார்த்து "இன்னாண்ணே செவப்பா கீது?" என்றாள். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். மெழுகுவத்தி வரைக்கும் சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"அதாண்ணே" என்றாள். "பூஜை அன்னிக்கு சர்ச்சுல ஒண்ணும் இருக்காதே, ஏன் ஊட்லயே கீறீங்கன்னு நானும் வருஷா வருஷம் கேப்பேன். 'இன்னிக்குக் கடையில நான் இல்லாம இருந்தாதான் அவனுக்கு நல்லது'ன்னு உங்களச் சொல்லுவாரு. காலையில குளிச்சிட்டு சட்டை எல்லாம் போட்டுக்குவாரு. போட்டுகினு வாசல்லயே ஒக்காந்திருப்பாரு. நான் வேற எதுவோ சண்டைன்னு நெனச்சேன்."

உன் கண்ணாடியை எடுத்து நீட்டினேன். "இருட்டறதுக்குள்ள போறேண்ணே" என்று கிளம்பிவிட்டாள். ஷட்டர் வரைக்கும் போய் நின்றேன், பஸ் ஏறுகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து நீ சொன்னபடியே செய்தேன். ஒன்றைக் கழற்று, ஆன் பண்ணு, பார். பழைய ரேமும் புது ரேமும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான் கோளாறு. புதியதை மட்டும் வைத்ததும் மெஷின் எழுந்துவிட்டது. உன் கைப் பொறுமை கொஞ்சம் என் கைக்கும் வந்திருக்கிறது. அது நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது.

நான் உனக்குக் கொடுத்தது 'வேதக்காரன்' என்ற அந்த ஒரு சொல். விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்று எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாலும் இன்று என் காதுக்கே ஏறவில்லை. என் வீட்டுத் தீட்டுக்கு நீ முன்னால் வந்து நின்று, எனக்காகக் கை கூப்பினாய். நான் உன்னை வாசலுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டேன். நீயும் சட்டையைப் போட்டுக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்கள் என்று எட்டு வருஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தாய். கூப்பிட வேண்டியவன் நான். மன்னிச்சிடு மாமே.