உன் உள்ளங்காலுக்காக நான் சொன்ன பொய்

மச்சான்,

போன கிழமை மருதனார்மடம் சந்தையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தேன். படலையைத் திறந்த மனைவி என் காலைப் பார்த்தாள். "என்னப்பா, மற்றச் செருப்பு எங்கை?" குனிந்து பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கொளுத்தும் வெயிலில், தார் றோட்டில், ஒரு கால் வெறுங்காலாக அவ்வளவு தூரம் நடந்திருக்கிறேன். சுடவேயில்லை. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் உள்ளங்காலைத் திருப்பித் தடவிப் பார்த்தேன். உனக்கும் இப்படித்தானே தொடங்கியது.

இப்போது முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது. கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன். நடக்கும்போது பெருவிரல் நிலத்தில் இடறுகிறது. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, நரம்பைக் கெடுத்துவிட்டால் கால் படும் பாடு தலைக்குத் தெரியாது என்று கிளினிக்கில் டொக்டர் உன்னிடம் சொன்னபோது, "என்ரை தலைக்கு இதுவரைக்கும் என்ன தெரிஞ்சது?" என்று நீ பகிடி விட்டாய். நானும் கூடச் சிரித்தேன்.

அன்று அம்மாள் கோயில் திருவிழாவுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. உள்ளங்காலில் உணர்வு இல்லையென்றால் இந்த முறை வெறுங்காலோடு சாமியைத் தோளில் காவக் கூடாது என்று கிளினிக் தாதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இருபது வருடமாக சாமி வாகனத்தின் முன்தண்டுக்கு உன் தோள்தான். அதை இன்னொருவனுக்கு விடுகிற ஆளா நீ?

"கண்ணை மூடுங்கோ ஐயா. நூல் படேக்கை ஓம் எண்டு சொல்லுங்கோ."

மெல்லிய நைலோன் நூலால் உன் காலைத் தொட்டாள். நீ பேசாமல் இருந்தாய். உன் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துக் கதிரையிலிருந்து உன் முதுகில் விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். "ஓம்" என்றாய். அவள் தொடத் தொட நான் தட்டினேன். ஒன்றுகூடப் பிழையாகவில்லை. வெளியே வந்து, பரீட்சை பாஸ் பண்ணியவர்கள் மாதிரித் தேத்தண்ணி குடித்தோம்.

திருவிழாவன்று மணல் கொதித்தது. மற்றவர்கள் துள்ளித் துள்ளி நடக்க, நீ மட்டும் நிதானமாக வந்தாய். "அவருக்கு அம்மாளின்ரை அருள்" என்று சனம் உன்னையும் சேர்த்துக் கும்பிட்டது. பொய் தெரிந்த நானும் கும்பிட்டேன். பின்னேரம் காலைக் கழுவியபோது தோல் கையோடு வந்தது. "நோகேல்லையடா, விடு" என்றாய். அந்தப் புண் ஆறவேயில்லை. முதலில் இரண்டு விரல் போனது, பிறகு முழங்காலுக்குக் கீழே, பிறகு நீ.

இந்த வருடம் உன் முன்தண்டை என்னைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. இன்று காலை கிளினிக்கில், நீ இருந்த கதிரையில் இருந்தேன். வேறு தாதி, அதே நூல். ஓம், ஓம் என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்று நாக்கு துடித்தது. கண்ணை மூடிக்கொண்டு வாய் திறக்காமல் காத்திருந்தேன். நெடுநேரம் காத்திருந்தேன்.

"இன்னும் தொடேல்லையோ பிள்ளை?"

"நாலு தரம் தொட்டிட்டன் ஐயா."

பயமாக இருக்கிறது மச்சான். வருத்தம் முற்றினால் கைவிரலுக்கும் ஏறுமாம். உன் முதுகைத் தட்டிய விரலில் மட்டும் இன்றுவரை எல்லாம் நன்றாகத் தெரிகிறது.