இரண்டாம் எண்ணிலிருந்து முதலாம் எண்ணுக்கு

வால் த பார்க்கா,
9 பிப்ரவரி 2017

மதிப்பிற்குரிய எர்மினியோ அவர்களுக்கு,

நம் கால்பந்துக் கழக நிர்வாகிகளின் முகத்தில் நான் கதவை அறைந்து சாத்தினேன் என்று இந்த ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. திறந்த கதவைத்தான் அறைந்து சாத்த முடியும். நான் திறக்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்கிறார்கள். நீங்கள் எப்போது போவீர்கள், மூத்த உறுப்பினர் என்ற உங்கள் முதலாம் எண் எப்போது எனக்கு வரும் என்று நான் காத்துக்கொண்டிருக்கிறேனாம். ரொட்டிக் கடை சுல்மிரா, மரியாதைக்கு ஒரு 'தோனா' போட்டு, நாலு பேர் முன்னால் கேட்டாள்: "என்ன தோனா பெனெதிதா, முதலாம் நம்பருக்குப் புது உடுப்பு தைக்கக் குடுத்தாச்சா?" நானும் சொன்னேன்: "உன் ரொட்டி மாதிரியே உன் பேச்சும் நேத்து சுட்டதுதான்."

நீங்கள் இறந்த செய்தி ஊர் முழுக்கத் தெரியும். உங்களுக்கு யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. ஜனவரி முடிந்தும் உங்கள் சந்தா வந்து சேரவில்லை. வருடா வருடம் முதல் ஆளாகக் கட்டுகிறவர். "எர்மினியோ சந்தா கட்டலைன்னா எர்மினியோ இல்லைன்னுதானே அர்த்தம்" என்று செயலாளர் சொன்னாராம். பிராகாவில் உங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்கள். அன்று மாலையே, வழக்கப்படி, இரண்டு நிர்வாகிகள் கறுப்பு டை கட்டிக்கொண்டு, முதலாம் எண் அட்டையும் பொன் சின்னமும் வைத்த பெட்டியோடு என் வாசலில் வந்து நின்றார்கள்.

மறுநாள் உங்கள் மகள் இதாலினா சந்தாவையும் மன்னிப்பையும் சேர்த்து அனுப்பினாள். நீங்கள் இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்ததாக எழுதியிருந்தாளாம். என்னிடம் யாரும் வந்து சொல்லவில்லை. கொடி மறுபடி மேலே ஏறுவதை ஜன்னலிலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். பார்த்தேன், அவ்வளவுதான். அழுதேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கழகத்தின் வரலாறு என்று ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். பிழை திருத்த என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் பக்கத்திலேயே அவுரோரா கழகம் பிறந்தது 1911 என்றிருக்கிறது. அந்த வருடம் நாவிதர் கடையில் கூட்டம் போட்டுச் சண்டைதான் போட்டார்கள். கழகம் பிறந்தது 1912. திருத்திவிட்டேன்.

அடிக்கடி எழுதுங்கள். சொந்தக் கையால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பெனெதிதா ஃபிராசாவ்
உறுப்பினர் எண் 2


பிராகா,
20 பிப்ரவரி 2017

அன்புள்ள பெனெதிதா,

செத்தவன் எழுதுகிறேன். செத்ததில் எனக்கு ஒரே வருத்தம், சந்தா பாக்கியோடு செத்தேன் என்பதுதான். உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். இதாலினா ஓடி வந்தாள்: "அப்பா, சிரிச்சா இடுப்புல பின்னு கழண்டுடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்ல?" இந்த வீட்டில் சாக அனுமதி உண்டு, சிரிக்கத்தான் இல்லை.

1911 தான். நாவிதர் கடைச் சண்டை எதற்கு? சட்டைக்கு என்ன நிறம் என்றுதானே? நிறத்துக்காகச் சண்டை போட்டுவிட்டால் கழகம் பிறந்துவிட்டது என்று பொருள். தக்கைத் தொழிற்சாலைப் பெண்கள் மாவுச் சாக்கைத் தைத்து, வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்துச் சாயம் ஏற்றினார்கள். முதல் ஆட்டத்திலேயே மழை. என் அப்பா உடம்பெல்லாம் மஞ்சளாக வீடு வந்து சேர, காமாலை என்று நினைத்து என் பாட்டி பாதிரியாரைக் கூப்பிட ஆள் அனுப்பினாளாம். இதெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறதா?

1953-ல் லிஸ்பனிலிருந்து வந்த பெரிய கழகத்துக்கு எதிராக நான் அடித்த கோலும் இருக்கிறதா? நீங்கள் ஆப்சைடு, செல்லாது என்பீர்கள். மைதானத்தில் இருந்த மொத்தக் கூட்டத்தில் உங்கள் ஒருத்திக்கு மட்டும்தான் அது ஆப்சைடாகத் தெரிந்தது, எதிரணிக்குக்கூடத் தெரியவில்லை.

ஒன்று கேட்கவேண்டும். உங்களை எனக்குத் தெரியும். தலைவர் வந்து நின்றாலும் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தக்கூடியவர் நீங்கள். கதவுக்குப் பின்னால் சத்தம் காட்டாமல் நிற்கிறவர் அல்ல. ஏன் திறக்கவில்லை?

உங்கள்,
எர்மினியோ வாஸ்கெஸ்
(காலஞ்சென்ற) உறுப்பினர் எண் 1


வால் த பார்க்கா,
1 மார்ச் 2017

மதிப்பிற்குரிய எர்மினியோ அவர்களுக்கு,

கன்னியர் பள்ளியில், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவேண்டும் என்று எங்களைப் பழக்கினார்கள். ஆகவே சொல்கிறேன். வேறு யாருக்கும் சொல்லவேண்டாம்.

பொழுது சாய்கிற நேரம். அடுப்பில் மீன் இருந்தது. மணி அடித்தது. கதவின் துளை வழியாகப் பார்த்தேன். இரண்டு ஆண்கள். கறுப்பு டை. ஒருவன் மணியின் மேல் விரல் வைத்திருந்தான். மற்றவன் இரண்டடி பின்னால் தள்ளி நின்று என் ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முன்னால் நின்றவன் சொன்னான்: "தோனா பெனெதிதா, உள்ள இருக்கீங்கன்னு தெரியும். அஞ்சு நிமிஷ வேலைதான்."

அஞ்சு நிமிஷம். 1962-ல் அவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் முடிந்து வந்து என் வீட்டுக்காரர் அர்மிந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். கறுப்பு டை கட்டிய இருவர் எங்கள் கால்மிதியில் செருப்பைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். அவ்வளவு மரியாதை. "பயப்படாதீங்கம்மா, அஞ்சு நிமிஷம் பேசிட்டு அனுப்பிடுறோம்." நான் சூப்பை மூடி வைத்தேன், ஆறக்கூடாதென்று. மறு வருடம் சிறையிலிருந்து திரும்பி வந்தவர் அர்மிந்துவின் சட்டையில் வேறு யாரோ போல் இருந்தார். அதற்கு முன் கழகத்தின் பின்னறை வாசகசாலையில் தக்கைத் தொழிலாளிகளுக்கு விளையாட்டுப் பத்திரிகையை வைத்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தார். அன்றைய சர்வாதிகார அரசுக்கு அதுதான் குற்றம். திரும்பி வந்தபின் சாகும்வரை அவர் ஒரு கதவையும் தன் கையால் திறந்ததில்லை. நான்தான் திறந்தேன், எல்லாக் கதவையும், எல்லாருக்கும். இந்த முறை என்னால் முடியவில்லை.

வானொலியை நிறுத்தினேன். வாயைப் பொத்திக்கொண்டேன். மீன் கருகியது, அடுப்பை அணைக்கப் போனால் தரை சத்தமிடும் என்று பயந்து நின்ற இடத்திலேயே நின்றேன். வெளியே பேசிக்கொண்டார்கள்: "கெழவிக்குக் காது கேக்கலை போல." "கேக்கும், கேக்கும். திமிரு." போய்விட்டார்கள். நாற்காலியை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. உடுத்திய உடுப்போடுதான் படுக்கிறேன்.

அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாதா? ஒருவன் மருந்துக்கடைப் பையன் நெல்சன். ஞானஸ்நானத்தன்று அவனைக் கையில் வாங்கியவளே நான்தான். என் அறிவுக்குத் தெரிகிறது, முழங்காலுக்குத் தெரியவில்லை.

நான் பிறந்த அன்றே, ஞானஸ்நானத்துக்கும் முன்னால், அப்பா என்னைக் கழகத்தில் உறுப்பினராகச் சேர்த்தார். அன்று என் எண் அறுநூறைத் தாண்டி இருந்தது. ஒவ்வொரு முறை எண்களை மாற்றி எழுதும்போதும் என் எண் குறைந்துகொண்டே வந்தது. குறைந்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். இப்போது எனக்கு முன்னால் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் போனால் அந்த இருவரும் மறுபடி வருவார்கள். எனக்கு எண் வேண்டாம் எர்மினியோ. உங்கள் உயிர்தான் என் கதவுக்குத் தாழ்ப்பாள்.

புத்தகத்தில் 1962-க்கு ஒரே ஒரு வரி: "அவ்வாண்டு வாசகசாலை இயங்கவில்லை." புல்தரை போட்டதைப் பற்றி அரைப் பக்கம். எல்லாக் காற்புள்ளியையும் திருத்தினேன். அந்த வரியின் மேல் பென்சிலை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

பெனெதிதா ஃபிராசாவ்


பிராகா,
17 மார்ச் 2017

அன்புள்ள பெனெதிதா,

அர்மிந்துவைக் கொண்டுபோன அன்றைக்கே என்னையும் கழக வாசலில் பிடித்தார்கள். எனக்கும் அதே அஞ்சு நிமிஷம்தான். சில வாரத்தில் விட்டுவிட்டார்கள்; இடதுகால் ஆட்டக்காரனுக்கு மூளை இருக்காது என்று நினைத்திருப்பார்கள். ஜனவரியில் அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகும்போது ஒரு நர்ஸ் பெண் குனிந்து, "அஞ்சே நிமிஷம் தாத்தா" என்றாள். கட்டில் கம்பியைப் பிடித்த என் கையைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இதை இதாலினாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

முதலாம் எண்ணுக்கு ஒரு சலுகை உண்டு, விதியிலேயே இருக்கிறது: பொதுக்குழுவில் முதலில் பேசலாம், ஒரு கோரிக்கை வைக்கலாம். இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் சேர்த்துவைத்தேன். இப்போது எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லை, கிழவனின் ஆசை என்று மட்டும் சொன்னேன். பெட்டியை இனி பெண்கள் அணி கொண்டுவரும். நடுப்பகலில். மஞ்சள் சட்டையில். கறுப்பு ஒரு நூல்கூட இருக்கக்கூடாது. மணியைத் தொடக்கூடாது. தெருவில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும். நீங்கள் திறக்கும்வரை நிற்கவேண்டும்.

கறுப்பு டை இனி உங்கள் வாசலுக்கு வராது. நாற்காலியை எடுத்துவிடுங்கள். உட்காருவதற்குத்தானே அது.

இதற்கு மேல் எழுதக் கை ஒத்துழைக்கவில்லை. மீதியை இதாலினா எழுதுகிறாள். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார் என்று எழுதச் சொல்கிறார். சாப்பிடுவதில்லை, தோனா பெனெதிதா. அதை நான் எழுதியது அவருக்குத் தெரியாது.

எர்மினியோ


வால் த பார்க்கா,
10 ஏப்ரல் 2017

மதிப்பிற்குரிய எர்மினியோ அவர்களுக்கு,

சாப்பிடுங்கள். இது வேண்டுகோள் அல்ல.

நீங்கள் செய்ததற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் பெண்கள் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். தோற்றார்கள். கோல்காப்பாளர் மார்த்தா பந்தைவிட நடுவரைத்தான் அதிகம் கவனிக்கிறாள். அவள் நடுவரைத் திட்டுவதைக் கன்னியர் பள்ளி மதர் சுப்பீரியர் கேட்டிருந்தால் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பார்.

நாற்காலியை எடுத்தேன். செவ்வாய்க்கிழமை இருட்டும் நேரத்தில் மணி அடித்தது, மறுபடி வைத்துவிட்டேன். வந்தவர் மின்சார மீட்டர் பார்க்கிறவர். அட்டையைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார். அது யாருடைய அட்டை என்று குனிந்து பார்க்க எனக்குக் காலைவரை துணிவு வரவில்லை.

இப்போது மணிச் சத்தத்தைவிடத் தபால்காரர் வராத நாள்தான் அதிகம் பயமுறுத்துகிறது. காலையில் ஜன்னலைத் திறக்குமுன் கண்ணை மூடிக்கொள்கிறேன். பிறகு கொடியைப் பார்க்கிறேன். மேலே இருக்கிறது. அதன்பின்தான் காபி.

உங்கள் போன கடிதத்தில் கடைசிப் பத்தி உங்கள் கையெழுத்து அல்ல. அதைக் கடிதமாகக் கணக்கில் எடுக்கமாட்டேன். ஒரு வரி போதும். உங்கள் கையால்.

பெனெதிதா


வால் த பார்க்கா,
21 மே 2017

மதிப்பிற்குரிய எர்மினியோ அவர்களுக்கு,

இன்று காலையில் ஜன்னலைத் திறக்கவில்லை. அதனால் கொடியைப் பார்க்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று கேட்காதீர்கள்.

நடுப்பகலில் தெருவில் குரல் கேட்டது. "தோனா பெனெதிதா! நாங்கதான், அவுரோரா பொண்ணுங்க!"

கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். துளை வழியாகப் பார்த்தேன். எல்லாம் மஞ்சள். நீங்கள் சொன்னபடியே செய்திருந்தார்கள். ஆனால் நான் தாழைத் தொடவில்லை. அந்த இருவரைப் பற்றிய பயம் இல்லை இது. நான் திறந்தால் நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்ற பயம். திறக்காதவரை, இருப்பீர்கள்.

"அவசரமில்லை தோனா பெனெதிதா," என்றாள் மார்த்தா. "நீங்க திறக்கற வரைக்கும் நிக்கணும்னு எர்மினியோ ஐயா சொல்லியிருக்காரு."

இன்னொருத்தி: "சனிக்கிழமை மேட்ச் இருக்குடி."

"அப்ப சனிக்கிழமை வரைக்கும் நிப்போம். பந்தைப் போடு."

என் வாசலில் பந்து விளையாட ஆரம்பித்தார்கள். துக்கச் செய்தி கொண்டுவந்தவர்கள்! கதவில் காதை வைத்தேன். சிரிப்புச் சத்தம், ஓடுகிற சத்தம். திடீரென்று கதவின் மேல் தடார் என்று ஒன்று விழுந்தது. போன வருடம் வண்ணம் அடித்த கதவு. பயப்பட மறந்துபோனேன் எர்மினியோ. நாற்காலியைத் தள்ளிவிட்டு, தாழை நீக்கி, கதவை விரியத் திறந்தேன். "இது கதவு! கோல் இல்லை!" என்று கத்தினேன்.

"நான்தான் பிடிக்கத் தவறிட்டேன்," என்றாள் மார்த்தா. அப்போதுதான் அவள் கையிடுக்கில் பெட்டியைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். "வியாழக்கிழமை. தூக்கத்துலயே போயிட்டாராம்."

யாரும் செருப்பைத் துடைக்கவில்லை. சேறு அப்பிய ஆட்டக் காலணியோடு அத்தனை பேரும் சமையலறைக்குள் வந்து, இருந்த எலுமிச்சைத் தண்ணீரை எல்லாம் குடித்துவிட்டுப் போனார்கள். தரையெல்லாம் மண். இன்னும் பெருக்கவில்லை. கதவும் திறந்துதான் இருக்கிறது. இப்போது இருட்டிவிட்டது, இருந்தும் திறந்திருக்கிறது.

அவர்கள் போனபின் புத்தகத்தை எடுத்து அந்த வரியை அடித்தேன். பென்சிலால் அல்ல, மையால். "1962-ல் ரகசியப் போலீஸ் வாசகசாலையை மூடியது. அங்கே எழுத்தறிவித்த அர்மிந்து ஃபிராசாவையும், இடதுகால் ஆட்டக்காரர் எர்மினியோ வாஸ்கெஸையும் கைது செய்தது" என்று எழுதி, கீழே என் முழுப் பெயரையும் போட்டேன். முன் பக்கம் ஒன்றில் உங்கள் 1953 கோல் இருந்தது. "சர்ச்சைக்குரிய" என்ற சொல் என் பழைய திருத்தம். அதை நீக்கிவிட்டேன். இதைப் பற்றி மேற்கொண்டு பேசவேண்டாம்.

பெட்டி மேசைமேல் இருக்கிறது. திறக்கவில்லை. செயலாளரை அழைத்து உங்கள் சந்தாவைக் கேட்டேன். வருடம் முழுக்கக் கட்டியிருக்கிறது என்றார். ஆகவே இந்த முறை அது காரணமில்லை. ஆனாலும் இந்தக் கழகம் ஏற்கெனவே ஒருமுறை தவறாக உங்களைச் சாகடித்திருக்கிறது. பிறந்த வருடத்தையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர்கள் இறந்த நாளை மட்டும் சரியாகச் சொல்வார்கள் என்று நான் எப்படி நம்புவது? ஜன்னலையும் திறந்து பார்த்துவிட்டேன், கொடி இறங்கியிருக்கிறது. அது முன்பும் இறங்கியதுதான்.

இதாலினாவின் கையெழுத்து செல்லாது. உங்கள் கையால் ஒரு வரி வரும்வரை நான் இரண்டாம் எண்ணாகவே இருப்பேன்.

தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்பவும்.

பெனெதிதா ஃபிராசாவ்
உறுப்பினர் எண் 2