இறங்குவதற்கான காற்று

ஜூன் 8

நில்ஸா அக்கா இன்றும் வந்த வியாபாரத்தை விரட்டிவிட்டாள். புனேக்காரர் ஒருவர் ஆக்ஸிஜன் டப்பா நான்கு கேட்டார். அக்கா டப்பாவைத் தொடவே இல்லை. ஒரு முதுகுப் பையை எடுத்து நீட்டினாள்.

"இத மாட்டிக்கிட்டு அந்தத் தரைக்கோட்டு மேல வாசல் வரைக்கும் நடங்க சார். வார் சரியா இருக்கான்னு பாத்துக்கலாம்."

அவர் பையே கேட்கவில்லை. ஆனாலும் நடந்தார். மூன்றாவது அடியில் கால் கோட்டை விட்டு விலகியது. ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் என்று காட்டும் கிளிப்பை விரலில் மாட்டினாள். எண்பதுக்கு மேலாவது இருக்க வேண்டும். எழுபத்தொன்று.

"இன்னிக்கு உங்களுக்கு டப்பா கிடையாது. நேரா ஆஸ்பத்திரி."

"காசு குடுக்கறேன் இல்ல?"

"குடுங்க. பத்திரமா ஊர் போய்ச் சேந்ததும் அனுப்புங்க."

கடைக்கு எதிரே டாக்ஸி ஸ்டாண்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலை உயரம் ஒத்துக்கொள்ளாதவரைப் பார்த்ததுமே எப்படிக் கண்டுபிடிக்கிறாள்? நான் லடாக்கில் இன்னும் உயரமான சாங்தாங்கில், ஆடுகளுக்கு நடுவே பிறந்தவள். படிக்கத்தான் லே-வுக்குக் கீழே இறங்கி வந்து, கடையை ஒட்டிய ரூமில் அக்காவோடு இருக்கிறேன். உயரத்தில் தலை வலிக்கும் என்கிறார்கள், எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை. அக்காவும் அப்படித்தான். ஆனால் அவள் மூன்று வருடம் மலையேறுகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவள். கடைசி வருடம் ஒருவரை முதுகில் சுமந்து இறக்கினாளாம். அவர் பிழைத்தாரா என்று யாரும் சொல்வதில்லை. அக்காவும் சொல்வதில்லை.

ஜூன் 9

ராத்திரிக்கு ஈரக்காற்று விடும் மெஷின் கேட்டு ஒரு பெண் வந்தாள். "எதுக்குங்க? கட்டில் பக்கத்துல ஒரு கிண்ணம் தண்ணி, ஜன்னல்ல ஈரத்துண்டு, மூக்குல ரெண்டு சொட்டு பாதாம் கொட்டை எண்ணெய். போதும்" என்று அக்கா எண்ணெய் மட்டும் கொடுத்து அனுப்பினாள். உண்மையில் அது நம் ஊர் ஆப்ரிகாட் பழக்கொட்டை எண்ணெய்தான். பாதாம் என்று சொன்னால்தான் அவர்களுக்குப் புரிகிறதாம்.

டிரைவர் நவாங் அண்ணன் கேட்டார்: "நீ கடைக்காரியா, இல்ல இந்தக் கடைக்கு எதிரியா?"

"ரெண்டும்தான். உனக்கு உதடு வெடிச்சிருக்கு, வா, இப்படிக் காட்டு."

உள்ளங்கையில் எண்ணெயைச் சூடாக்கி அவர் உதட்டில் பூசிவிட்டாள். அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. நான் ஒன்பதாம் வகுப்புதான், ஆனால் குருடி இல்லை.

ஜூன் 11

ஒன்று செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

அக்கா சரக்கு எடுக்க சோக்லம்சர் போயிருந்தாள். பள்ளி விட்டு வந்து கடையில் நான்தான் இருந்தேன். சூரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, என் வயதில் பல்லில் கம்பி கட்டிய ஒரு பெண். அவள் பெயர் ஹேத்வி. "உனக்கு மூச்சே வாங்காதா? நீ என்ன ஆடா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவள் அப்பா மஞ்சள் ஜாக்கெட் போட்டிருந்தார். இருமிக்கொண்டே இருந்தார். "காத்து காஞ்சு கெடக்கு, தொண்டை வறண்டுபோச்சு. வேற ஒண்ணுமில்ல" என்றார் அவர் மனைவி. நானும் அக்காவைப் போல எண்ணெய் கொடுத்தேன், தொண்டை மிட்டாய் கொடுத்தேன். பெரிய மனுஷி மாதிரி கிளிப்பையும் மாட்டினேன்.

அறுபத்தொன்பது.

அவர் கை ஐஸாக இருந்தது. குளிர்ந்த விரலில் கிளிப் பொய் சொல்லும். உண்மைதான். அதனால்தான் அக்கா முதலில் வெந்நீர்க் கோப்பையைப் பிடிக்கச் சொல்வாள், பிறகு மறுபடி பார்ப்பாள். நான் மறுபடி பார்க்கவில்லை. கோட்டில் நடக்கச் சொல்லவும் இல்லை. "கை குளிர்ந்திருக்கு, அதான்" என்றேன்.

"ரெண்டு டப்பா குடும்மா. இது கையில இருந்தா காலைல பாங்காங் ஏரிக்குப் போகலாம்தானே?" என்றார் ஹேத்வியின் அப்பா.

நான் தலையாட்டினேன். வாயால் சொல்லவில்லை. தலையைத்தான் ஆட்டினேன்.

அக்கா எப்போதும் சொல்வது: டப்பா இறங்குறதுக்கு, ஏறுறதுக்கு இல்ல.

ஜூன் 12

காலையில் போய்விட்டார்கள். நவாங் அண்ணன் வண்டி. ஹேத்வி ஜன்னல் வழியாகக் கை காட்டினாள்.

கணக்கு வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை. ஒன்பது மணி, சாங் லா கணவாய் ஏறியிருப்பார்கள். பன்னிரண்டு, ஏரி. அதுவும் லே-வை விட உயரம். ராத்திரி அங்கே கூடாரத்தில் தங்குவதாகச் சொன்னார்கள்.

சாயங்காலம் அக்கா டப்பாக்களைப் பார்த்து, "ரெண்டு போயிருக்கு போல?" என்றாள். "ம்" என்றேன். "யாருக்கு?" "யாரோ." அவள் என்னை நம்பினாள். அதுதான் — அய்யோ, ஏன் நம்பினா? திட்டி ஒரு அறை விட்டுக் கேட்டிருந்தா சொல்லித் தொலைச்சிருப்பேனே.

சொன்னால் இனி கடையில் விடமாட்டாள். சொல்லாவிட்டால்?

இப்போதும் இருமிக்கொண்டிருப்பாரா?

ஜூன் 13

சொல்லிவிட்டேன்.

விடியற்காலையில் அக்கா டீ போட்டுக்கொண்டிருந்தாள். முதுகைப் பார்த்தே சொன்னேன். முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது.

"எவ்வளவு காட்டிச்சு?"

"அறுபத்தொன்பது."

"இருமல் இருந்துச்சா?"

"இருந்துச்சு. காத்து வறண்டு இருக்குன்னு அவங்க—"

"அவங்க சொல்வாங்க. எல்லாருந்தான் சொல்வாங்க. வறண்ட இருமல் எது, நெஞ்சுல தண்ணி கோக்கற இருமல் எதுன்னு அவங்களுக்கு என்னடி தெரியும்?"

அடுப்பை அணைத்தாள். நவாங் அண்ணனுக்குப் போன் போட்டாள். ஏரிப் பக்கம் லைன் கிடைக்காது என்று தெரிந்தே இரண்டு முறை போட்டாள். பிறகு ஒரு காலில் என் செருப்பும் இன்னொரு காலில் அவள் செருப்புமாக ஸ்டாண்டுக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஏரிக்குக் கிளம்பிய ஒவ்வொரு வண்டி ஜன்னலிலும் தலையை விட்டுச் சொன்னாள்: "மஞ்சள் ஜாக்கெட். சூரத் குடும்பம். நவாங் வண்டி. பாத்தா உடனே ஏரிக்குக் கீழ இருக்கற டாங்ட்ஸே ஆஸ்பத்திரிக்கு இறக்கச் சொல்லு. எதிர்ல வர்ற வண்டிக்கும் சொல்லு."

பதினோரு வண்டிகள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. "நில்ஸா சொன்னா சரி" என்று ஒருவர் கியரைப் போட்டார். இப்படி ஒருத்தியாக நான் எப்போது ஆவேன்? ஆக மாட்டேன்.

ஒரு செய்தியும் வரவில்லை.

ஜூன் 14

உயிரோடு இருக்கிறார்.

கூடாரத்தில் படுத்திருந்தாராம். களைப்பில் தூங்குகிறார் என்று மனைவி நினைத்திருக்கிறார். எழுப்பி நிற்க வைத்தால் நிற்க முடியவில்லை. அக்கா சொல்லி அனுப்பிய டிரைவர்களில் இரண்டு பேர் தாங்கி வண்டியில் ஏற்றினார்களாம். டாங்ட்ஸே வரை நவாங் அண்ணன் அந்த இரண்டு டப்பாவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். அங்கே பெரிய சிலிண்டர் வைத்திருக்கிறார்கள்.

"அப்ப டப்பா உதவிச்சு இல்ல?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இறங்கும்போது" என்றாள் அக்கா.

ஆனால் லே-வுக்கு வர மறுபடி சாங் லாவைத் தாண்ட வேண்டும். கீழே வருவதற்கு முதலில் மேலே ஏற வேண்டும். ஆம்புலன்ஸ் நாளைக்காம்.

ஜூன் 16

நேற்று அவரை லே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பேசுகிறாராம், சூப் குடித்தாராம்.

இன்று ஹேத்வி கடைக்கு வந்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. ஒரு எண்ணெய்ப் புட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "அப்பா உனக்குத் தேங்க்ஸ் சொல்லச் சொன்னார். உன் டப்பாதான் காப்பாத்துச்சாம்" என்றாள்.

அக்கா அலமாரிப் பக்கம் திரும்பி நின்று எண்ணெய்ப் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரே புட்டியையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றேன். "அவர நான் போக விட்டிருக்கவே கூடாது. கிளிப்ல கம்மியாத்தான் காட்டிச்சு. நான் சரியா பாக்கல."

ஹேத்வி அழவில்லை, திட்டவும் இல்லை. எண்ணெய்ப் புட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அக்கா அதை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

வந்து சொன்னாள்: "இனி கடைப்பக்கம் வராத. பள்ளிக்கூடம், ரூம். அவ்வளவுதான்."

சரி என்றேன்.

ஜூன் 30

கடைக்கும் ரூமுக்கும் நடுவே ஒரு திரைதான். அதற்குப் பின்னால் உட்கார்ந்து கேட்கிறேன். "இந்தக் கோப்பையக் கையில பிடிங்க. ம், இன்னும் கொஞ்ச நேரம். இப்ப விரலக் குடுங்க."

ஜூலை 4

இன்று ஏழு பேரின் இருமலைத் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டேன். ஆறு வறட்டு இருமல். ஒன்று அப்படி இல்லை; அடியில் ஏதோ நுரைத்தது. அக்கா அவரை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

ஜூலை 19

அக்கா நாளை விடியற்காலையில் சரக்கு எடுக்கப் போகிறாள். சாப்பிடும்போது அவ்வளவுதான் சொன்னாள். கடையைப் பூட்டிவிட்டுத்தான் போவாள் என்று நினைத்தேன்.

இந்த நோட்டை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். இப்போது எழுத எடுக்கக் கை விட்டபோது ஜில்லென்று ஏதோ தட்டியது. நோட்டின்மேல் கடைச் சாவி. அதன் வளையத்தில் கிளிப்பைக் கட்டி வைத்திருக்கிறாள்.

பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். தூங்குகிற மாதிரிதான் மூச்சு விடுகிறாள்.

காலையில் முதல் வேலையாக வெந்நீர் வைக்க வேண்டும்.