பாலனை ஒளித்த இடம்

டிசம்பர் 6, சனி

காலையிலிருந்து தூறல். கொடியில் துணி மூன்று நாளாகக் காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை.

கிறிஸ்துமஸ் குடில் வேலை ஆரம்பம். எங்கள் வீட்டில் டிசம்பர் மாதச் சனி ஞாயிறு என்றால் குடில்தான், வேறு எதுவும் ஓடாது. திண்டிவனம் கடைத்தெருவில் ரெடிமேட் குடில் தொங்குகிறது. அ. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். (அ. என்றால் அந்தோணி. இருபத்தொரு வருஷம் குடித்தனம் பண்ணிய மனுஷன் பெயரை முழுசாக எழுத எனக்குச் சோம்பல்.)

வேண்டியவை:
சிமெண்ட் பை 4, மலைக்கு (பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறார்கள், கேட்டாச்சு)
மைதா, பசை காய்ச்ச
வைக்கோல் ஒரு கை
மூங்கில் சிம்பு, கலர் பேப்பர், ஸ்டார் கட்ட
கேப்பை அரைப்படி, புல் முளைக்கப் போட
கண்ணாடித் துண்டு, குளத்துக்கு. போன வருஷத்தது உடைந்துவிட்டது.

ஷீபா பதினோரு மணி பஸ்ஸில் வந்தாள். விழுப்புரத்தில் காலேஜ், ஹாஸ்டல். பை நிறைய அழுக்குத் துணி. அம்மாவைப் பார்க்க வருகிறாளா, வாஷிங் மெஷினைப் பார்க்க வருகிறாளா தெரியவில்லை.

மத்தியானம் வழக்கமான கூத்து. பாலன் சுரூபத்தை, அதாவது குழந்தை இயேசு சிலையை மட்டும் குடிலில் வைக்கமாட்டோம். இருபத்துநாலாம் தேதி பூசை முடிந்து வந்துதான் வைப்போம். அதுவரை அ. எங்காவது ஒளித்து வைப்பார், ஷீபா தேட வேண்டும். நடக்கப் பழகிய நாளிலிருந்து தேடுகிறாள். ஒரு வருஷம்கூடக் கண்டுபிடித்ததில்லை. போன வருஷம் அவள் தலையணை உறைக்குள்ளேயே வைத்திருந்தார்.

"பாலன ஒளிச்சாச்சி. ஜல்தி தேடு" என்றார் கையைத் தட்டிக்கொண்டு.

"எனக்கு வயசு பத்தொம்பதுப்பா."

"அதனால இன்னா? கண்ணு தெரியாதா?"

சொல்லிக்கொண்டே அலமாரிக்கு அடியில் குனிந்து பார்க்கிறாள். கழுதை. சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் 7, ஞாயிறு

மழை இல்லை. வெயில் கொஞ்சம் எட்டிப்பார்த்தது. துணி காய்ந்தது, அதுவே பெரிய விஷயம்.

காலைப் பூசைக்கு வேனில்தான் போனோம். ஸ்கூல் வேன், எங்களுடையது. அ. பத்தொன்பது வருஷமாக கிளியனூர் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது குடும்ப வண்டி. கோயிலுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் நேராகப் போனார்.

"அப்பா, இன்னிக்கி ஞாயித்துக்கெழம. ஸ்கூல் இல்ல." ஷீபா சிரித்தாள்.

அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சிரித்தது பொய்.

மலை ஒட்டினோம். ஆட்டுக்குட்டி ஒன்றுக்குக் கால் ஒட்டினோம். சூசையப்பருக்குப் புது ஊன்றுகோல், ஊதுவத்திக் குச்சியில். ஷீபா சின்ன வயதில் வாங்கிய பிளாஸ்டிக் டைனோசர் இந்த வருஷமும் மூன்று ராஜாக்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. எடுக்கலாம் என்றால் அப்பாவும் மகளும் சண்டைக்கு வருகிறார்கள்.

டிசம்பர் 10, புதன்

சத்துணவுக் கூடத்தில் நாள் பூராவும் ரிஜிஸ்டர் எழுதுகிற கை. வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. ஆடி மாதத்திலிருந்து அ. பற்றி மனசுக்குள் எழுதி வைத்ததை இன்று இங்கே எழுதிவிடுகிறேன்.

கேஸ் அடுப்பை இரண்டு தடவை அணைக்கவில்லை.
என் தம்பி பெயர் வராமல் "அவன்தாண்டி, உன் கூடப் பொறந்தவன்" என்றது.
ஒரே நாளில் இரண்டு முறை பால் வாங்கி வந்தது.
ஒரே கதையைச் சாப்பிடும்போது ஒருமுறை, கை கழுவும்போது ஒருமுறை.
ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் வழி.

வயசு ஐம்பத்திரண்டுதான். மறதி யாருக்கு இல்லை? நானே கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு தேடுகிறவள்தான். ஆனால் இது அது இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 13, சனி

மேகமூட்டம். காலையில் அ. கேப்பையை ஊற வைத்து, பழைய தட்டில் மண் பரப்பித் தூவினார். பத்து நாளில் புல் எழும்பிவிடும். இருபத்துநாலுக்குச் சரியாக வரும்.

ஷீபா மலைக்குப் பெயிண்ட் அடித்தாள். மூக்கெல்லாம் பச்சை.

சாப்பிட்டு முடித்ததும் அ. கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஸ்டெல்லா, பாலன் சுரூபம் எங்க? குடு, ஒளிச்சிடலாம். அப்புறம் இவ பாத்துடுவா."

ஷீபா விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்ல நடிப்புப்பா! நான் ஏமாற மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நடிப்பு இல்லை. பஸ் மாறி ஏறிவிட்டவர் மாதிரி முகம். ஒரு நொடிதான். பிறகு அவரும் சிரித்து, "கண்டுபுடிச்சிட்டியே" என்று மகள் தலையில் தட்டினார்.

நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஷீபாவை நாலு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். திரும்பி வந்தால், அ. ஊற வைத்த கேப்பையோடு நிற்கிறார். நேற்றுத் தூவிய அதே தட்டில், அதன் மேலேயே, பொறுமையாகத் தூவுகிறார்.

தண்ணீர் தெளித்துக் கொடுத்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

எழுதாமல் இருக்க முடியவில்லை.

சாயந்திரம் ஐந்து மணி. அ. வேனை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து டீ கேட்டார். ஸ்டார் கட்டக் கயிறு வேண்டியிருந்தது, வேனில் கிடக்கும் என்று நான் போய்க் கதவைத் திறந்தேன். கடைசி சீட்டில் ஒரு பிள்ளை. தனுஜா, யூகேஜி. பையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறது. கழுத்தெல்லாம் வேர்வை. ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது.

தூக்கிக்கொண்டேன். நல்லவேளை கண்ணைத் திறந்தது. "ஆன்ட்டி, எங்க வீடு வந்துடுச்சா?"

அதே நேரம் என் போன் அடிக்கிறது. கிளியனூரிலிருந்து அதன் அம்மா சுமதி. "அக்கா, வண்டி இன்னும் வர்லியே, அண்ணன் போன எடுக்க மாட்டேன்றாரு. மனசு பதறிக்கினு இருக்குதுக்கா."

"டயர் பஞ்சர்மா. பாப்பா எங்கூடத்தான் இருக்குது. தோ, வந்துகினு இருக்கோம்."

இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது. கூடவே போனேன். வழியெல்லாம் பிள்ளையை மடியில் வைத்திருந்தேன். அ. ஓட்டினார். சுமதி எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். நன்றி வேறு சொன்னாள்.

அந்தக் கயிறு மட்டும் தேவைப்படாமல் இருந்திருந்தால்? இதற்கு மேல் எழுத முடியவில்லை.

டிசம்பர் 17, புதன்

சண்டை.

"டாக்டர பாக்கற வரைக்கும் வண்டி வேணாங்க. உங்க கால்ல விழறேன்."

"கொழந்த கடைசி சீட்ல படுத்துகினு இருந்துச்சி. கண்ணுக்குத் தெர்ல. யாருக்கும் ஆவும்."

"பாலன எங்க வெச்சீங்க, சொல்லுங்க பாக்கலாம்."

கேட்டிருக்கக் கூடாது. அவர் எழுந்து போய் வேனைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "பத்தொம்பது வருசமா ஒரு புள்ளைக்கி ஒரு கீறல் பட்டதில்ல ஸ்டெல்லா. வண்டியையும் புடுங்கிட்டா நான் ஊட்ல ஒக்காந்து இன்னா பண்றது?"

உண்மைதான். ஒரு கீறல் பட்டதில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பயம்.

விழுப்புரத்தில் நரம்பு டாக்டரிடம் நானே பெயர் கொடுத்துவிட்டேன். 29ஆம் தேதி, திங்கள். அவரிடம் சொல்லவில்லை. தினமும் காலையும் மாலையும் நானும் வேனில் போகிறேன். கூடத்தில் லீவு சொல்லியாச்சு, இடுப்பு வலி என்று. இன்னொரு பொய்.

டிசம்பர் 20, சனி

நல்ல வெயில். ஷீபாவுக்கு லீவு விட்டாச்சு.

கேப்பைப் புல் எழும்பியிருக்கிறது. இரண்டு தரம் தூவியதில் எக்கச்சக்க அடர்த்தி. "இந்த வருசம் புல்லு செமயா வந்துருக்குப்பா, எப்படி?" என்று அவள் கேட்டாள். "கைராசி" என்றார்.

ஸ்டாருக்குள் பல்பு போட்டோம். எரிந்தது. மூவரும் கீழே நின்று பார்த்தோம். வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால், குறை இல்லாத குடும்பம் என்று நினைத்திருப்பார்கள்.

டிசம்பர் 21, ஞாயிறு

பூசை முடிந்து வந்து தோசை. ஷீபா என்னிடம் மெதுவாக, "ம்மா, நான்தான தேடணும்? அப்பா ஏன் என்ன மாதிரியே தேடிக்கினு இருக்காரு? பீரோவுக்குப் பின்னாடி டார்ச் அடிச்சிப் பாக்கறாரு."

"உன்ன ஏமாத்தறார்டி."

நம்பினாளா என்று தெரியவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

நாளைக்கும் மறுநாளும் ஸ்கூலில் பரீட்சை. புதன்கிழமையிலிருந்துதான் லீவு. எனக்கு நாளை கட்டாயம் கூடத்துக்குப் போக வேண்டும், ஆய்வுக்கு வருகிறார்கள். வேனில் போக முடியாது.

மத்தியானம் அவர் தூங்கும்போது இன்னொரு வேன்காரர் குமாருக்குப் போன் பண்ணி, இரண்டு நாளைக்கு எங்கள் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். பிறகு வேன் சாவி, டூப்ளிகேட் சாவி இரண்டையும் எடுத்தேன். சமையலறை மூலையில் மல்லாட்டை (வேர்க்கடலை) டின் இருக்கிறது. என் அண்ணன் கெடாரிலிருந்து கொடுத்தனுப்பியது, தோலோடு, கழுத்துவரை. கடைவாய்ப் பல் போனதிலிருந்து அவர் அதன் பக்கமே போவதில்லை. மேலாகக் கொஞ்சம் விலக்கிச் சாவியைப் புதைத்து மூடினேன்.

திருடி மாதிரி இருந்தது. திருடிதான்.

டிசம்பர் 22, திங்கள்

பனி. காலை ஏழு மணி.

சட்டைப் பை, ஆணி, டிவி மேல், தலையணைக்கு அடியில், வேனுக்கு அடியில். மூன்றாவது முறை சட்டைப் பை. பிறகு பாத்ரூம்.

"ஸ்டெல்லா, சாவிய எங்கனா பாத்தியா?"

"இல்லீங்களே."

"நேத்து கோயில்ல இருந்து வந்து ஆணியிலதான் மாட்டினேன். மாட்டினேன் தான?"

நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். மாட்டினார். நான் பார்த்தேன். "தெரியலீங்க" என்றேன்.

நெற்றியில் தன் உள்ளங்கையால் அடித்துக்கொண்டார். இரண்டு தடவை. "பேஜாரு புடிச்ச மண்ட" என்றார். ஷீபா ஓடிவந்து கையைப் பிடித்தாள். நான் அரிந்துகொண்டே இருந்தேன். வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

குமார் வேன் பிள்ளைகளை ஏற்றிப்போனது. இவர் வாசலில் நின்று பார்த்தார். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி எண்ணினார், விரல் விட்டு. ஒரு பெயரும் விடவில்லை.

மறக்கிற மனுஷனை, இதையும் மறந்துவிட்டாய் என்று நம்பவைத்தேன். எந்தப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொல்வேன்? பிள்ளைகளுக்காகத்தான் செய்தேன். அது உண்மை. அதற்காக இது சரியாகிவிடாது.

டிசம்பர் 23, செவ்வாய்

மாவு அரைத்தாச்சு. முறுக்கு, அதிரசம்.

அ. பேசுவதே குறைந்துவிட்டது. பண்டிகை முடிந்ததும் சாவி செய்கிறவனைக் கூட்டிவரப் போகிறாராம். குடில் முன்னால் உட்கார்ந்து காலித் தொட்டிலை வைக்கோல் மாற்றி மாற்றி அடுக்குகிறார். ஷீபா அவர் காதில் படும்படி சொன்னாள்: "இந்த வருசம் பாலன் இல்லன்னாலும் பரவால்லப்பா. கடையில புதுசு வாங்கிக்கலாம்."

அவள் தெரிந்துகொண்டுவிட்டாள்.

டிசம்பர் 24, புதன்

வெயில், காற்று. காலை கடைக்குப் போனேன்: மெழுகுவத்தி, எண்ணெய், ஷீபாவுக்கு வளையல்.

பதினோரு மணிக்குத் திரும்பினேன். சமையலறைத் தரை முழுக்கப் பேப்பர் விரித்து மல்லாட்டை கொட்டிக் கிடக்கிறது. நடுவில் அவர். வலது கையில் பாலன், என் பழைய கைக்குட்டையில் சுற்றினபடி. இடது கையில் சாவி, இரண்டும்.

"ஷீபாவுக்கு மல்லாட்டை தோல் தூசி ஆவாது, தும்முவா. அதான் டின்னுக்குள்ள அடியில வெச்சேன்." சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னார். "அதிரச வாசனையில ஞாபகம் வந்திச்சி ஸ்டெல்லா. நானா கண்டுபுடிச்சேன்."

பிறகு இடது கையைப் பார்த்தார்.

"இதையும் நான்தான் வெச்சனா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். அவர் முகத்தைப் பார்த்து என்னால் முடியவில்லை.

"நான்தாங்க வெச்சேன்."

வாசற்படியில் ஷீபா நின்றிருந்தாள். குக்கர் இரண்டு விசில் அடித்தது.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "ஆணியில மாட்டினேன்தான?" என்று மட்டும் கேட்டார்.

"மாட்டினீங்க."

தலையாட்டினார். "அந்தப் பாப்பா கழுத்து எவ்ளோ வேர்த்திருந்திச்சி" என்றார். அன்றைக்கு அவர் அதைப் பார்த்தார் என்றே எனக்குத் தெரியாது. அப்போது 29ஆம் தேதி டாக்டர் விஷயத்தைச் சொன்னேன். "ஷீபாவும் வரட்டும்" என்றார்.

பாலனை ஷீபாவிடம் கொடுத்தார். சாவியை என் கையில் வைத்து, என் விரல்களை அவரே மூடினார்.

"வேற எடத்துல வை. இந்த எடம் எனக்கு ஞாபகம் வந்துடிச்சி. நான் கேப்பேன், சண்ட போடுவேன். சொல்லாத."

மூவரும் உட்கார்ந்து மல்லாட்டையைப் பொறுக்கி டின்னில் போட்டோம். ஷீபா தும்மிக்கொண்டே இருந்தாள்.

சாவியை வேறு இடத்தில் வைத்துவிட்டேன். இந்த நோட்டை அவர் எடுத்துப் படிக்கக்கூடும். எங்கே என்று எழுதவில்லை.