பஸ்ஸைப் பிடிக்க அல்ல

மார்ச் 2

அன்புள்ள உங்களுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே? போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் கடிதமே போடுவோம் என்று நீங்கள் சொன்னது நல்ல யோசனை. இந்த இரண்டு வருடப் பிரிவில் நாம் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாதல்லவா?

ஒரு செய்தி. சிரிக்கக் கூடாது. நான் ஓட ஆரம்பித்திருக்கிறேன். லேபில் உட்கார்ந்து ஊரார் ரத்தத்தையெல்லாம் சோதிக்கிறவள், என் ரத்தத்தைச் சோதிக்க நாற்பத்தொன்பது வயதாகிவிட்டது. சர்க்கரை எல்லையில் நிற்கிறது. "நடங்க, முடிஞ்சா ஓடுங்க" என்றார் டாக்டர். மகளிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுவாரமே ஷூ வாங்கி அனுப்பிவிட்டாள், கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத்தில்.

முதல் நாள் பூங்காவில் பாதிச் சுற்றிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. நெஞ்சு அடைக்கிறது, விலா குத்துகிறது. இதில் என்ன சுகத்தைக் கண்டு ஜனங்கள் ஓடுகிறார்களோ! ஓட்டம் என்றாலே எனக்கு உங்கள் முதுகுதான் ஞாபகத்துக்கு வருகிறது. கல்யாணமான புதிதில் எட்டு மணி பஸ்ஸுக்குத் தினமும் ஓடுவோமே. நீங்கள் முன்னால், நான் கைப்பையை இடுக்கிக்கொண்டு பின்னால். படியில் தொற்றிக்கொண்டு கையை நீட்டுவீர்கள். திட்டிக்கொண்டேதான் பிடிப்பேன். ஆனாலும் அந்தக் கை எனக்குப் பிடித்திருந்தது.

இங்கே பெரிய வீடாகப் பார்த்துவிட்டேன், எப்போது வருகிறாய் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கே தெரியவில்லை.

ரத்தக் கொதிப்பு மாத்திரையை வேளைக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

மார்ச் 14

மகாராணிக்கு,

சிரிக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன். ரிப்பேருக்குப் போன பத்து மாடிக் கட்டடத்தில், நின்றுபோன லிஃப்ட் ஒன்றின் தலைமேல் உட்கார்ந்துதான் உன் கடிதத்தைப் படித்தேன். உள்ளே மாட்டிக்கொண்ட பெரியவர், "யோவ், நாங்க இங்க தவிக்கிறோம், நீ சிரிக்கிறியா?" என்று கத்தினார். உன்னால் எனக்குக் கெட்ட பெயர்.

எட்டு மணி பஸ்ஸை நான் மட்டும் மறந்துவிடுவேனா? ஒருநாள் செருப்பு அறுந்து, ஒற்றைச் செருப்போடு ஏறினாய். "இன்னொன்னு அடுத்த பஸ்ல வருதாம்மா?" என்றார் கண்டக்டர். பஸ் முழுக்கச் சிரிப்பு. நீ என்னைப் பார்த்து முறைத்தாய், நான்தான் அறுத்துவிட்ட மாதிரி. அன்றைக்கு என் செருப்பை மாட்டிக்கொண்டு நீ லேபுக்குப் போனாய். நான் வெறுங்காலோடு வேலைக்குப் போனேன். ஏனோ அந்த நாளைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு எனக்கு அலுத்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நீ இல்லாமல் வீடு வீடாகவே இல்லை.

இங்கேயே நிரந்தரமாக இருப்பதா, பழைய கிளைக்குத் திரும்புவதா என்று கம்பெனியில் மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார்கள். இங்கேதான் என்று சொல்லப் போகிறேன். வீட்டுக்கு எதிரிலேயே பூங்கா இருக்கிறது. எங்கே ஓடினால் என்ன, இங்கே வந்து ஓடு. உனக்கும் ஒரு சாவி செய்து வைத்துவிட்டேன்.

உன்,
நான்தான்

மார்ச் 23

அன்புள்ள உங்களுக்கு,

சாவி செய்துவிட்டீர்கள். சரிதான். அந்த ஊர் மாற்றலுக்கே அப்படித்தானே ஒப்புக்கொண்டீர்கள். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, சாப்பிடும்போது, "அடுத்த மாசம் கிளம்பணும், பாத்திரமெல்லாம் கட்டிடு" என்றீர்கள். எனக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை. எழுதிவிட்டேன். நேரில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன்.

ஓட்டத்துக்கு வருகிறேன். பூங்காவுக்கு நாயைக் கூட்டிக்கொண்டு வருகிற பெண் ஒருத்தி என்னை நிறுத்தி, "யாராச்சும் துரத்துறாங்களாக்கா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "இல்ல, ஏன்?" என்றேன். "அந்த இடது கைய ஏன் அப்படி இறுக்கி வச்சிருக்கீங்க?" என்றாள். குனிந்து பார்த்தால், இல்லாத கைப்பையை இடுக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறேன்! இத்தனை நாளும் நான் பஸ்ஸுக்குத்தான் ஓடியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஓட்டம் அது ஒன்றுதானே. நடுப் பாதையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தோம், நாய் குரைக்கிறது.

"பேசிக்கிட்டே ஓட முடியணும்க்கா, முடியலைன்னா மெதுவா போங்க" என்றாள். பேச ஆள் இல்லை, அதனால் உங்களிடம் பேசுகிறேன். வாய்விட்டுத்தான். ஒரு சுற்று முழுக்க உங்கள் தங்கை கல்யாணத்தில் நடந்ததைச் சொன்னேன். இன்னொரு சுற்றில் அந்தப் பாத்திரம் கட்டச் சொன்ன கதை. நடுவில் பழைய நல்லதுகளும் வந்தன, பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் அழுதது உட்பட. நீங்கள் குறுக்கே பேசவில்லை. எனக்கு மூச்சும் வாங்கவில்லை. மெதுவாக ஓடினால் ஓட்டம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

ஏப்ரல் 5

மகாராணிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. கம்பெனியில் கெஞ்சி ஒரு மாதம் தவணை வாங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்தேன். உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவது என்றுதான் வந்தேன். நேரில் நின்றால் உன்னால் மறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

பூங்கா கேட்டுக்கு வெளியே நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் நீ ஓடி வந்தாய். உதடு அசையவில்லை, பேசவில்லை. உன்பாட்டுக்குச் சிரித்த முகமாக வந்தாய். என்னைக் கடந்து போனாய், என்னைப் பார்க்கவே இல்லை. கையைத் தளர விட்டு, தலையை நிமிர்த்தி, அவசரமே இல்லாமல் ஓடினாய். இருபத்தாறு வருடம் நான் முன்னால் நடந்தே பழகிவிட்டேன், நீ நடப்பதைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை. நீ அழகாக ஓடுகிறாய்.

கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் நின்றுவிடுவாயே என்று விட்டுவிட்டேன். அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன், வழி முழுக்க மனசு ஒரு நிலையில் இல்லை.

அதனால் கேட்கிறேன். இங்கே நிரந்தரம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நான் அங்கே வந்துவிடட்டுமா? நீ சொல்லும் வரை எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

உன்,
நான்தான்

ஏப்ரல் 13

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு லேபின் பின்னறையில் அழுதேன். வரவேற்பில் இருக்கும் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கேட்டிலிருந்து கூப்பிடாமல் போனீர்களே, அதைவிடப் பெரிய அன்பை நீங்கள் எனக்குக் காட்டியதில்லை.

நீங்கள் பார்த்தது சரிதான், இப்போதெல்லாம் நான் உங்களிடம் பேசுவதில்லை. பேச வேண்டியதெல்லாம் பேசித் தீர்ந்துவிட்டது. ஒருநாள் ஓடி முடித்த பிறகுதான் கவனித்தேன், அன்றைக்கு உங்கள் நினைப்பே வரவில்லை. முதலில் பயமாக இருந்தது. பிறகு வெயில் முதுகில் படுவது தெரிந்தது.

நீங்கள் வந்தால் நான் பழையபடி ஆகிவிடுவேன். நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள், இப்போது உங்களை நம்புகிறேன். நானாகவே உங்கள் நேரத்துக்கு எழுந்து, உங்கள் வேகத்துக்கு நடக்க ஆரம்பித்துவிடுவேன். என் புத்தி எனக்குத் தெரியும். அதைத் தடுக்கிற பலம் இன்னும் எனக்கு வரவில்லை. எனக்கு இந்த வாழ்க்கை பிடித்திருக்கிறது, சொல்லவே கஷ்டமாக இருக்கிறது.

வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் நானும் உண்மையாகவே பதில் சொல்கிறேன். வேண்டாம். அந்த ஊரிலேயே கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

ஜூனில் மகள் வருகிறாள். நீங்களும் அவசியம் வாருங்கள். அவள் அறைக்குப் பக்கத்து அறையைச் சுத்தம் செய்து வைக்கிறேன், ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
நான்