காட்டை வலம் வந்த அம்மாவுக்கு

என்றும் எங்களுக்கு முன்னால் நடக்கும் அன்பு அம்மாவுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போனோம். நீங்கள் இல்லாமல் போன முதல் நடை. எப்படிப் போனது என்று உங்களுக்குத்தான் முதலில் சொல்லவேண்டும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாங்கள் குடியேறியிருக்கும் டூங்கபியிலிருந்து வடக்கே காரில் போனால் வரும் மலைக்காடு அது. இரண்டு ஓடைப் பள்ளத்தாக்குகளில் இறங்கி ஏறி, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் வட்டப் பாதை. என் புவியியல் புத்தகத்தில் மத்தியதரைக் கடலோரக் காடுகளின் படம் இருக்கிறது. அங்கே போல இங்கும் இலைகள் தடித்தவை. வெயில் ஏறினால் காடு முழுக்க எண்ணெய் மணக்கும். அதைச் சொன்னபோது, “அப்ப விசா இல்லாமல் இத்தாலிக்குப் போட்டு வந்தாச்சு” என்றீர்களே!

மரங்களில் மஞ்சள் அம்புக்குறி போட்டிருக்கும். எல்லோரும் அதன்படி வலப்பக்கம் திரும்புவார்கள். நீங்கள் மட்டும், காடு வலக்கைப் பக்கம் இருக்கவேண்டுமென்று, இடப்பக்கம் திரும்பினீர்கள்.

“சுத்துறதெண்டா வலமாத்தான் சுத்தவேணும். கோயிலெண்டா என்ன, காடெண்டா என்ன?”

உங்களோடு நடக்க வரும் மன்னார் பிலோமினா அன்ரி சிரித்தார். “நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவள். எனக்கேன் உந்தச் சட்டம்? சரி, உமக்காக வாறன்.”

எதிரே வந்த வெள்ளைக்காரத் தம்பதி, பிழையான பக்கமாகப் போகிறீர்கள் என்றார்கள். “இல்லை, நீங்கள்தான்” என்று ஆங்கிலத்தில் பணிவாகப் பதில் சொன்னீர்கள். சேலையும் ஓட்டச் சப்பாத்துமாக நீங்கள் நின்ற நிலை இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகு பிலோமினா அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். “கடைசியாய் ஒருக்கா நடந்திட்டு விடுவம். அவ இல்லாமல் இனி ஆர் கூட்டிக்கொண்டு போறது?”

“நான்” என்றேன்.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். “பள்ளிக்கூடப் பிள்ளை காட்டிலை வழிகாட்டுறதோ? உந்த நடையே இனி வேண்டாம்.” கெஞ்சிக் கூத்தாடித்தான் அனுமதி வாங்கினேன். நான் வழி தவறினால் நீங்கள் தொடங்கிய நடை அன்றோடு நின்றுவிடும். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

முதல் ஓடை வரைக்கும் எல்லாம் சுகமாகப் போனது. இரண்டாவது ஓடையைக் கல்லில் கால் வைத்துக் கடந்ததும் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு மரத்திலும் அம்பு இல்லை.

“அன்ரி, இதிலை எந்தப் பக்கம்?”

“ஆருக்குத் தெரியும்? நாங்கள் கதைச்சுக்கொண்டு வந்தனாங்களே ஒழிய, பாதையை எங்கை பாத்தனாங்கள்?” என்றார் பிலோமினா அன்ரி.

எங்களோடு நடக்கக் கெல்லிவில்லிலிருந்து வரும் கமலா அன்ரி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். அவர் மதுரைக்காரர். “பேசாம வந்த வழியே திரும்பிடலாம்மா. மேகம் வேற கறுத்துக்கிட்டு வருது.”

“சுத்தத் தொடங்கினதைப் பாதியிலை விடுறதோ? கூடாது!” இது யார் தெரியுமா அம்மா? வேதக்காரி பிலோமினா அன்ரிதான்!

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்தேன். கொஞ்சத் தூரம் முன்னே போய், நின்று, எங்களைத் திரும்பிப் பார்ப்பீர்கள். பின்தங்கியவர்களுக்காகக் காத்து நிற்கிறீர்கள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

நானும் அப்படியே செய்தேன். இடப்பாதையில் போய்த் திரும்பிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மற்றப் பாதையில் போய்த் திரும்பினேன். நான் கடந்து வந்த யூக்கலிப்டஸ் மரத்தின் மறுபக்கத்தில் மஞ்சள் அம்பு இருந்தது! எதிர்ப்பக்கமாக நடப்பவர்களுக்கு அம்புகள் முதுகு காட்டிக்கொண்டல்லவா நிற்கும்? ஒவ்வொரு பிரிவிலும் நீங்கள் முதலில் போய், திரும்பிப் பார்த்து, பிறகுதான் எங்களை அழைத்திருக்கிறீர்கள். அத்தனை மாதங்களும் எங்களில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

திரும்பிப் பார்த்தபோது நீங்கள் அம்பைப் பார்த்தீர்களா அம்மா, எங்களைப் பார்த்தீர்களா?

“இந்தப் பக்கம், வாங்கோ!” என்று கத்தினேன். என் குரல் பள்ளத்தாக்கில் மோதித் திரும்பி வந்தது.

கடைசி ஏற்றத்தில் இரண்டு அன்ரிமாரும் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்கள். மழை பிடித்துக்கொண்டது. நனைந்தபடி கார் நிறுத்தும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். “நடையை நிப்பாட்டுறதெண்டு ஆர் சொன்னது?” என்று பிலோமினா அன்ரி எங்களை அதட்டினார். “வாற மாசம் இடியப்பமும் சம்பலும் நான் கொண்டு வாறன்.”

“நீங்கதான் சொன்னீங்க” என்றார் கமலா அன்ரி. காருக்குள் ஒரே சிரிப்பு.

வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். என் நனைந்த சப்பாத்துகளை எடுத்து வாசலோரம் சாய்த்து வைத்தார். பிறகு, “எனக்கும் ஒரு சோடி சப்பாத்து வாங்கவேணும்” என்றார். நீங்கள் எத்தனை முறை கூப்பிட்டும் வராதவர்!

வரும் மாதம் அவரும் வருகிறார். முன்னால் நான் போவேன். ஏற்றத்தில் அப்பாவுக்கு மூச்சு வாங்கும். அவர் இளைப்பாறி எழும்பும்வரை அவசரப்படுத்தமாட்டேன். அவருக்குக் கேட்கும்படி உங்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டே நிற்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மகளாகப் பிறந்ததில் தலைநிமிர்ந்து நிற்கும்
மூத்த பிள்ளை,
தாரணி