வேறு யாரும் வசிக்கவில்லை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் 'ஏதோ இருக்கேன்' என்பாய். நானும் ஏதோ இருக்கிறேன். போனை எடுக்காமல் கடிதம் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. போனில் உன் குரலுக்கு அடியில் இன்னொரு மூச்சு கேட்கிறது. காகிதத்தில் நீ மட்டும்தான் இருக்கிறாய்.

உதவித்தொகை கிடைக்கவில்லை. மனநோய்க்கான பரிசோதனைக்குக் கூப்பிட்ட நாளில் பயந்துபோயிருந்தேன். பயந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். உடைக்கு இஸ்திரி போட்டேன், தலையைப் படிய வாரினேன். டாக்டர் கேட்டதற்கெல்லாம் முழு வாக்கியத்தில் பதில் சொன்னேன்.

"இல்லாத ஆளுங்க யாராவது கண்ணுக்குத் தெரியறாங்களா?"

"ஒருத்தங்க தெரியறாங்க சார். இப்ப உங்களுக்கு மரியாதை கொடுத்து வெளியில நிக்கிறாங்க."

அவர் சிரித்துவிட்டார். பதில் இப்படி வந்திருக்கிறது: 'நேர்த்தியான உடை. தெளிவான பேச்சு. நகைச்சுவை உணர்வு உண்டு. வேலை செய்யத் தகுதியானவர்.' என்னைப் பற்றி இவ்வளவு நல்லபடியாக இதுவரை யாரும் எழுதியதில்லை.

வேலைக்கு எப்படிப் போவேன்? மூக்குக்கண்ணாடிக் கடையில் என்ன நடந்தது என்று உனக்குச் சொன்னேனே. வந்தவர் புது ஃபிரேமை மாட்டிக்கொண்டு கைக்கண்ணாடியில் பார்த்தார். "உங்க பின்னாடி நிக்கிறவங்களுக்கும் ஒண்ணு எடுத்துக் காட்டட்டுமா?" என்று பணிவாகத்தான் கேட்டேன். அதோடு முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மேல்முறையீடு செய்தால் வீட்டுக்கே அதிகாரி வந்து பார்ப்பாராம். தனியாக வசிப்பவர்களுக்கு, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பணம். அது வராவிட்டால் இந்த இரண்டு அறைகளையும் விட்டுவிட்டு, நீ விசாரித்து வைத்திருக்கும் விடுதிக்குப் போக வேண்டியதுதான். அங்கே கதவுகளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாதாம். அக்கா, என்னை அங்கே அனுப்பாதே.

உன்
சுண்டு

பிப்ரவரி 23

என் சுண்டுக்கு,

திட்டாமல் தொடங்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். இஸ்திரி போட்டுக்கிட்டுப் போய் 'எனக்கு முடியலை'ன்னு சொன்னா எவன்டி நம்புவான்?

இங்கே முதியோர் இல்லத்தில் நான் பார்த்துக்கொள்பவர்களில் ஒரு வாத்தியார் உண்டு. பிள்ளைகள் வரும் நாளில் சட்டைப் பொத்தானையெல்லாம் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து நாட்டு நடப்பு பேசுவார். அவர்கள் கார் கிளம்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ யாரும்மா?" என்று அழுவார். 'அப்பா நல்லாத்தான் இருக்கார்' என்று நம்பிப் போய்விடுகிறார்கள் அவர்கள்.

அதனால் நான் சொல்வதைக் கேள். அதிகாரி வரும் அன்று எழுந்திருக்காதே. தலை வாராதே. உபசாரம் வேண்டாம். கதவைத் தாழ் போடாமல் விட்டுவிட்டுப் படுத்திரு. உன் கண்ணுக்குத் தெரிகிற அந்தப் பொம்பளையைப் பற்றிக் கேட்டால் உள்ளது உள்ளபடி சொல். நீ எழுந்து போய்க் கதவைத் திறந்து 'வாங்க சார்' என்றால் அப்புறம் விடுதிதான், சொல்லிவிட்டேன்.

எனக்கு வர ஆசை இல்லாமலா? லீவு கேட்டால் மொத்தமாகவே எடுத்துக்கொள் என்கிறார்கள். மாத்திரையை விடாதே.

உன் அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்கா,

நீ சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் செய்தேன். தாழ்ப்பாளை எடுத்துவிட மறந்துவிட்டேன். மணி அடித்தபோதுதான் நினைவு வந்தது. எழுந்தால் காரியம் கெட்டுவிடும் என்று போர்வைக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

தாழ்ப்பாள் விலகியது. "வணக்கம்மா, அலுவலகத்திலேர்ந்து வர்றேன்" என்று ஒரு ஆண்குரல் கேட்டது. அவர் பேசியது என்னிடம் அல்ல.

சமையலறைப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. அவர் குரல் மட்டும்தான் எனக்குக் கேட்டது. "ஓ... அப்படியா... ராத்திரிக்கு அரை மாத்திரையா?" பிறகு என் கட்டிலருகே வந்து நாலு கேள்வி கேட்டார். போர்வைக்குள்ளிருந்தே ஒன்றுக்கு மட்டும் பதில் சொன்னேன். போகும்போது உள்பக்கம் திரும்பி, "வரேங்க. நீங்க விவரமாச் சொன்னது ரொம்ப உதவி" என்றார்.

முடிவு இன்று வந்தது. பார்த்து எழுதுகிறேன்: 'விண்ணப்பதாரரின் நோய் உறுதி செய்யப்படுகிறது. எனினும், உடன் வசிக்கும் பெண்மணி அவரைப் பொறுப்புடன் கவனித்து வருவது நேரில் காணப்பட்டது. எனவே தொகை வழங்க இயலாது.'

அக்கா, அவளை ஒரு அலுவலகம் பார்த்துவிட்டது.

சுண்டு

மார்ச் 30

சுண்டு,

முதலில் மூச்சை இழுத்து விடு. பக்கத்து வீட்டு டைலரம்மாவாகத்தான் இருக்கும். மணிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருப்பார். அந்த மனுஷனுக்கு எல்லாப் பெண்களும் ஒன்றுதான்.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வழி இருக்கிறது. 'என்னுடன் வேறு யாரும் வசிக்கவில்லை' என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டு நிலவரம் தெரிந்த ஒருவர் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை நான் போடுகிறேன். உன் வீடு எனக்குத் தெரியாதா?

ஒரே ஒரு வரிதான். எழுதிவிடு தங்கம்.

அக்கா

ஏப்ரல் 12

அன்புள்ள அக்கா,

டைலரம்மாவைக் கேட்டேன். "நான் எதுக்குக் கண்ணு உன் வீட்டுத் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து திறக்கப்போறேன்? நான் என்ன பல்லியா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் தோளுக்கு மேல் பார்த்தார். "உங்கக்கா ஊருக்குப் போயாச்சா?" என்றார்.

நீ இந்த வீட்டைப் பார்த்ததே இல்லை, அக்கா. குறையாகச் சொல்லவில்லை. ஆனால் சாட்சி போட உனக்கு என்ன தெரியும்?

என் நிலைமையைப் பார். எனக்கு நோய் என்று காட்ட, அவள் இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். பணம் வாங்க, அவள் இல்லை என்று எழுத வேண்டும். பேனாவைத் திறந்தால் பக்கத்தில் வந்து நிற்கிறாள். முகம் இன்னும் சரியாகத் தெரிவதில்லை. நான் முழுசாக அவளைப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்றுதான் பயம். இத்தனை வருஷம் எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஒருத்தியை வைத்துக்கொண்டே 'யாரும் இல்லை' என்று எப்படி எழுதுவது?

சுண்டு

ஏப்ரல் 24

சுண்டு,

விளையாடாதே. அடுத்த மாதத்தோடு கெடு முடிகிறது. விடுதியில் இடம் காலியாக இருக்கிறது என்று எனக்குப் போன் வருகிறது. கையெழுத்துப் போடு. காகிதத்தை எனக்கு அனுப்பு, சாட்சி போட்டு அன்றே திருப்பி அனுப்புகிறேன்.

அக்கா

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தொகை அனுமதிக்கப்பட்டுவிட்டது. இந்த மாதமே வருகிறது. வீட்டை விட வேண்டியதில்லை.

நீ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம். உன் கடிதம் வந்த அன்றே அந்த வரியை எழுதிவிட்டேன். எழுதி முடித்து அழுதுகொண்டிருந்தேன். காகிதம் என் கைக்கு அடியிலிருந்து மெதுவாக நகர்ந்தது.

"இதுக்குப் போயா அழுவாங்க? நான் இல்லைன்னு நானே கையெழுத்துப் போட்டாத்தானே நம்புவாங்க."

அவள் குரலை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். உன் குரல் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

இனி நீ லீவு கேட்டு அலைய வேண்டாம். மாத்திரை வேளை தவறுவதில்லை. இங்கே எல்லாம் பார்த்துக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு
சுண்டு

மே 18

என் கண்ணே சுண்டு,

அலுவலகத்துக்கு மறுபடி போன் செய்தேன். சாட்சிக் கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டார்களாம். "அவங்க நேர்லயே வந்து போட்டாங்கம்மா. ரொம்பப் பொறுமையானவங்க" என்றாள் ஒரு பெண். நான் போனை வைத்துவிட்டு வாத்தியாருக்குச் சாப்பாடு ஊட்டப் போனேன். அவர் சட்டையெல்லாம் கஞ்சியைக் கொட்டிவிட்டேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. நீ அப்படி எழுதுகிறவள் இல்லையே. எழுதியது நீதானே என்று கேட்க வாய் வருகிறது. கேட்கவில்லை.

லீவு கேட்டேன். 'மொத்தமாகவே எடுத்துக்கொள்' என்று வழக்கமான பதிலையே சொன்னார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது; இந்தக் கடிதம் வந்த மறுவாரம் நானும் வந்துவிடுவேன். உன்னை எங்கேயும் கொண்டுபோய் விடுவதற்காக வரவில்லை. அதை அவங்களிடமும் சொல்லிவிடு. நான் வராத வருஷங்களிலெல்லாம் உனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவங்க யாராக இருந்தாலும், அவங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வருகிறேன். நான் உள்ளே வந்ததும் எந்த இடத்தில் உட்காரக் கூடாது என்று மட்டும் சொல்லிவிடு.

உன் அக்கா